வெளியில் எழுதிய லாக் வீட்டில் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிப்பது

ஆன்டெனா நன்றாக நின்றது, பேட்டரி கடைசி வரை தாங்கியது, இரண்டு மணி நேரத்தில் முப்பது பேரிடம் பேசியாயிற்று. வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு, யாரிடம் எப்போது பேசினோம் என்ற பதிவான லாக்கை இணையத்தில் ஏற்றினால் பாதிப் பேருடன் பொருந்தவில்லை, இல்லாவிட்டால் கோப்பையே ஏற்க மாட்டேன் என்று திருப்பி அனுப்புகிறது. பொழுதுபோக்காக உலகத்தோடு பேசும் அமெச்சூர் வானொலியான ஹாம் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிற எல்லாருக்கும் இந்த நாள் ஒருமுறை வரும். நான் பாளையங்கோட்டைக்காரன். தாமிரபரணிக் கரை, சாத்தான்குளத்துக்கு அந்தப்பக்கச் செம்மணல் தேரி, தென்காசிச் சாரல், ராதாபுரத்துக் காத்தாடிகளுக்கு நடுவில் என்று போன இடத்தில் எல்லாம் ஒவ்வொரு விதமாக லாக்கைக் கெடுத்திருக்கிறேன். அதைத்தான் கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை, உங்கள் கோளாறு எதுவோ அங்கே போங்கள்.

எதையும் தொடும் முன் ஒரு வேலை மட்டும் செய்துவிடுங்கள். போனிலோ லேப்டாப்பிலோ இருக்கிற மூலக் கோப்பை அப்படியே ஒரு நகல் எடுத்து, தேதியைப் பெயராக வைத்துத் தனியாகப் போட்டுவிடுங்கள். காகிதத்தில் எழுதியிருந்தால் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். ஏனென்றால் லாக் கெடுவது பெரும்பாலும் இரண்டு தடவை: முதல் தடவை வெளியில், இரண்டாவது தடவை நாம் அதைத் "திருத்தும்போது". முதல் தடவை கெட்டதைக் கண்டுபிடித்துவிடலாம், திருத்திக் கெடுத்ததைக் கண்டுபிடிக்க மூலம் கையில் இருந்தால்தான் உண்டு.

அறிகுறி: தொடர்பு நடந்தது உண்மை, ஆனால் எதிர்முனையின் லாக்குடன் பொருந்தவே இல்லை

பத்தில் எட்டுத் தடவை இது நேரக் கோளாறு. நாம் கையில் கட்டியிருப்பது இந்திய நேரம், லாக் கேட்பது உலகப் பொது நேரமான யுடிசி. வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். இரண்டு பக்க லாக்கையும் ஒப்பிட்டுத் தொடர்பை உறுதிசெய்யும் லாக்புக் ஆஃப் த வேர்ல்டு மாதிரியான இணையத் தளத்தில் இரண்டு பேருடைய நேரமும் 30 நிமிடத்துக்குள் ஒத்துப்போக வேண்டும், அதைத் தாண்டினால் மற்றது எல்லாம் சரியாக இருந்தாலும் பொருந்தாது.

இதில் நல்ல விஷயம், தப்பு எவ்வளவு என்று தெரிந்தால் தப்பு எங்கே என்று தெரிந்துவிடும். அதற்கு ஒரே ஒரு தொடர்பின் உண்மையான நேரம் போதும். எதிர்முனையில் பேசியவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், அல்லது அன்றைக்கு யாராவது நீங்கள் காற்றில் கேட்கிறீர்கள் என்று இணையத்தில் அறிவித்து ஸ்பாட் போட்டிருந்தால் அதில் இருக்கும் நேரம் யுடிசிதான், அதை எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் லாக்கில் உள்ள நேரத்தோடு ஒப்பிடுங்கள். காலை 7:10-க்குப் பேசினீர்கள் என்று வைத்துக்கொள்வோம், சரியான யுடிசி 01:40.

லாக்கில் 07:10 என்று இருந்தால், அதாவது ஐந்தரை மணி நேரம் முந்திப் போயிருந்தால், மாற்றவே இல்லை, கைக்கடிகார நேரத்தை அப்படியே எழுதியிருக்கிறீர்கள். முந்தின நாள் 20:10 என்று இருந்தால் இரண்டு தடவை கழிபட்டிருக்கிறது: நீங்கள் யுடிசியில் எழுதியதை உள்ளூர் நேரம் என்று நினைத்து மென்பொருள் தானும் ஒரு தடவை கழித்துவிட்டது. 12:40 என்று இருந்தால், பதினொரு மணி நேர வித்தியாசம், கழிக்க வேண்டியதைக் கூட்டியிருக்கிறீர்கள். சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் காலை மாலைக் குழப்பம், போனின் கடிகாரம் பன்னிரண்டு மணிக் கணக்கில் இருந்திருக்கும். சரியாக இருபத்துநான்கு மணி நேரம் என்றால் நேரத்தை மாற்றிவிட்டுத் தேதியை மாற்ற மறந்திருக்கிறீர்கள். இது காலை ஐந்தரைக்கு முன்னால் பேசியதற்கு மட்டும் வரும்.

எல்லாவற்றையும் விடக் குழப்புவது அரை மணி நேர வித்தியாசம். "ஐந்தரை" என்பதை மனக்கணக்கில் ஐந்து என்றோ ஆறு என்றோ கழித்தால் இது வரும். 30 நிமிட எல்லையில் போய் உட்கார்ந்துகொள்வதால், எதிர்முனைக் கடிகாரம் ஒரு நிமிடம் இப்படி இருந்தால் பொருந்தும், அப்படி இருந்தால் பொருந்தாது. சில பேர் உறுதியாகியிருப்பார்கள், சில பேர் ஆகியிருக்க மாட்டார்கள், எந்தக் கணக்கும் பிடிபடாது. "நேரம் சரியாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் இவர்கள் எப்படிப் பொருந்தினார்கள்" என்று நினைத்து நான் ஒரு வாரம் வேறு எங்கெங்கோ தேடினேன்.

திருத்தும்போது எச்சரிக்கை: எஃப்டி8 (கணினி வழியாகக் குறுஞ்செய்தி பரிமாறும் முறை) போடும் மென்பொருள் தானாகவே யுடிசியில் எழுதும். நீங்கள் கையால் எழுதிய குரல் தொடர்புகளையும் அதையும் ஒரே கோப்பில் சேர்த்துவிட்டு மொத்தமாக ஐந்தரை மணி கழித்தால், சரியாக இருந்த பாதியும் போய்விடும். முதலில் பிரியுங்கள், கெட்டதை மட்டும் நகர்த்துங்கள், பிறகு சேருங்கள்.

இது திரும்ப வராமல் இருக்க நான் செய்வது: பழைய எலக்ட்ரானிக் கைக்கடிகாரம் ஒன்றில் யுடிசி வைத்து, அதைப் பரீட்சை அட்டையின் கிளிப்பிலேயே கட்டிவிட்டேன். வெளியில் இருக்கும்போது வேறு கடிகாரம் பார்ப்பதில்லை. ஒரே ஒரு தொந்தரவு, ஒருநாள் ஓரமாய் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் மணி கேட்க, நான் அட்டையைப் பார்த்து ஒன்று பத்து என்று சொல்லிவிட்டேன். விடிந்து ஆறு நாற்பது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார்.

அறிகுறி: பதினைந்து பேரிடம் பேசியும் பூங்காக் கணக்கில் சேரவில்லை

பூங்காக்களிலிருந்து பேசும் பார்க்ஸ் ஆன் தி ஏர் திட்டத்தில் ஒரு பூங்காவை இயக்கியதாகக் கணக்காக வேண்டுமென்றால் ஒரே யுடிசி நாளுக்குள் 10 தொடர்பு வேண்டும். நமக்கு யுடிசி நாள் மாறுவது நள்ளிரவில் இல்லை, காலை ஐந்தரைக்கு. 40 மீட்டர் பேண்ட், அதாவது அந்த அலைநீளத்தை ஒட்டிய அலைவரிசைத் தொகுதி, நன்றாக இருப்பதோ விடியலை ஒட்டி. அதனால் நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கோடு சரியாக வேலை நேரத்தின் நடுவில் விழுகிறது.

நான் ஒருமுறை ஐந்து மணிக்கு ஆரம்பித்து ஆறேகாலுக்கு முடித்தேன். மொத்தம் 15. ஐந்தரைக்கு முன் 7, பின் 8. இரண்டு நாளும் தேறவில்லை. இதற்கு வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை, நேரத்தை நகர்த்தி ஒரே நாளில் போடுவது பொய்க்கணக்கு. அடுத்த முறை ஐந்தரைக்கே முதல் அழைப்பைப் போடுங்கள், அல்லது ஐந்தரை ஆனதும் காகிதத்தில் ஒரு கோடு கிழித்து, கீழே எண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்கி, பத்து வரும்வரை எழுந்திருக்காதீர்கள். மலை உச்சித் திட்டமான சம்மிட்ஸ் ஆன் தி ஏர் புள்ளிக்கு 4 தொடர்பு போதும் என்பதால் அங்கே வலி கொஞ்சம் குறைவு. (இரண்டுக்குமே, களக்காடு முண்டந்துறைப் பக்கம் போவதானால் வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே காலை வைக்க வேண்டாம். அது புலிகள் காப்பகம், லாக்கை விடப் பெரிய பிரச்சினை வரும்.)

அறிகுறி: ஒரு நேரத்துக்குப் பிறகு உள்ள தொடர்புகள் மட்டும் பொருந்தவில்லை

பேண்டைப் பாருங்கள். 40-லிருந்து 20 மீட்டருக்கு ரேடியோவை மாற்றியிருப்பீர்கள், போன் ஆப்பில் மாற்றியிருக்க மாட்டீர்கள். எந்த இடத்தில் மாறியது என்பது காகிதத்தில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. இல்லையென்றால் நேர இடைவெளியைப் பாருங்கள், ஆன்டெனாவை இறக்கி நீளம் மாற்றி ஏற்ற பத்து நிமிடமாவது ஆகியிருக்கும், அந்த ஓட்டை லாக்கில் தெரியும்.

அதோடு அலைவரிசையையும் பாருங்கள். அந்தப் புலம் மெகாஹெர்ட்ஸில் எதிர்பார்க்கும். 7.074 என்று இருக்க வேண்டிய இடத்தில் 7074 என்று கிலோஹெர்ட்ஸில் போட்டால் சில மென்பொருள் பேண்டைக் கண்டுபிடிக்க முடியாமல் விழிக்கும்.

அறிகுறி: கால்சைன் தப்பு, அப்படி ஒரு ஆளே இல்லை என்கிறது

கால்சைன் என்பது ஒவ்வொரு நிலையத்துக்கும் உரிய, எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளப் பெயர். அது தப்பாக மூன்று காரணம், மூன்றும் வேறு வேறு.

முதலாவது கையெழுத்து. பூஜ்யமும் ஓ-வும், ஒன்றும் ஐ-யும், ஐந்தும் எஸ்-ஸும். இலங்கைக்காரர்கள் 4எஸ்7 என்று தொடங்குவார்கள், நமக்கு அடிக்கடி கிடைக்கும் நாடு, அவசரத்தில் அந்த எஸ் ஐந்தாகி 457 என்று நிற்கும். பூஜ்யத்துக்குக் குறுக்கே கோடு போடப் பழகுங்கள். தப்பாக எழுதிவிட்டால் அதன் மேலேயே திருத்தி எழுதாதீர்கள், ஒரு கோடு அடித்துவிட்டுப் பக்கத்தில் முழுசாக எழுதுங்கள். மேலே மேலே எழுதிய எழுத்தை வீட்டில் நமக்கே படிக்கத் தெரியாது.

இரண்டாவது நம் ஆட்களுக்கே உரியது. வெயிலில் ஒரு கையால் மைக், ஒரு கையால் ஆன்டெனா ட்யூனர் என்று இருக்கும்போது கூட வந்த பையனிடம் எழுதச் சொல்லுவோம். அக்கா மகன் ஒருவனை அப்படிக் கூட்டிப்போனேன், கெட்டிக்காரன், அழகாக வரிசையாக எழுதினான், ஆனால் காதில் விழுந்ததைத் தமிழில் எழுதினான். தமிழில் "பி" என்று எழுதினால் அது ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்தா பதினாறாவது எழுத்தா? "டி" என்றால் நான்காவதா இருபதாவதா? "ஜி" என்று எழுதியதில் ஏழாவது எழுத்தும் கடைசி எழுத்தும் கலந்து கிடந்தது. இருபத்திரண்டு கால்சைனில் ஒன்பது இப்படி. அன்றைய ஒலிப்பதிவு இருந்ததால் பிழைத்தேன். எழுத்துக்கு ஒரு சொல்லாகப் பிராவோ, பாப்பா, டெல்டா, டாங்கோ என்று சொல்லும் சொற்களின் பயனே இதுதான், தமிழில் எழுதுகிற ஆளாக இருந்தால் "பிரா", "பாப்" என்று சொல்லின் முதல் பாதியையாவது எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாவது வானத்தின் வேலை. திருநெல்வேலிக்கு வெகு அருகில் பூமியின் காந்த நடுக்கோடு போகிறது. கிருஷ்ணாபுரத்தில் இந்திய புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பது அதற்காகத்தான், 1963-ல் இந்திய மண்ணிலிருந்து முதல் விண்வெளி ஆய்வு ராக்கெட் கிளம்பிய தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் இதே கோட்டை வைத்துத்தான். பொழுது சாய்ந்ததும் இந்தக் கோட்டை ஒட்டி அயனி மண்டலத்தின் மேல் அடுக்கு உயர்ந்து, கீழிருந்து குமிழி குமிழியாகக் கலையும். முக்கியமாக மார்ச், ஏப்ரல், அப்புறம் செப்டம்பர், அக்டோபர் மாலைகளில். அதன் வழியாக வரும் சிக்னல் மின்விசிறிக்கு முன்னால் நின்று பேசுகிற மாதிரி அடித்துக்கொள்ளும். பலமாகத்தான் இருக்கும், ஆனால் எழுத்துகள் உடையும். மோர்ஸில் இது இன்னும் மோசம். வி-க்கு மூன்று புள்ளி ஒரு கோடு, நான்குக்கு நான்கு புள்ளி ஒரு கோடு. ஒரு புள்ளி கூடுதலாகக் கேட்டால், இந்தியக் கால்சைன் தொடங்கும் நம் "வியு" அவர் லாக்கில் "4யு" ஆகிவிடும், அது ஐ.நா. நிலையங்களின் முன்னொட்டு. அதேபோல் பிராவோ பி-யும் ஆறும், ஹெச்சும் ஐந்தும். மாலையில் எடுத்த லாக்கில் சந்தேகமான கால்சைனைப் பார்க்கும்போது இந்த ஜோடிகளை முதலில் மாற்றிப் பாருங்கள்.

அடித்துக்கொள்ளும் மாலையில் "மறுபடி சொல்லுங்கள்" என்று மொத்தமாகக் கேட்டால் திரும்பவும் அதே இடம்தான் உடையும். கேட்காத பகுதியை மட்டும் கேளுங்கள், கடைசி இரண்டு எழுத்து மட்டும், இரண்டு தடவை. பிறகு முழுக் கால்சைனையும் நீங்கள் திருப்பிச் சொல்லி, அவர் "ஆமாம்" என்ற பிறகுதான் அடுத்த ஆள்.

இணையத்தில் தேடி, கிட்டத்தட்ட இப்படி ஒருவர் இருக்கிறார், இவராகத்தான் இருக்கும் என்று மாற்றுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. கேட்டதை எழுதுவதுதான் லாக். காகிதத்திலோ ஒலிப்பதிவிலோ ஆதாரம் இருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் கேள்விக்குறியோடு காகிதத்தில் இருக்கட்டும், ஏற்ற வேண்டாம்.

அறிகுறி: வரைபடத்தில் நீங்கள் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்

மென்பொருள் அமைப்பில் வீட்டுக் கட்டம் அப்படியே கிடக்கிறது. உலக வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் மெய்டன்ஹெட் கணக்கில் ஒரு கட்டம் என்பது இரண்டு பாகை நெட்டாங்கு, ஒரு பாகை அகலாங்கு. நெல்லைச் சீமையில் பெரும்பாலான இடம் எம்ஜே88, அதனால் பலர் மாற்றுவதே இல்லை. ஆனால் 78 பாகைக் கோடு ஆழ்வார்திருநகரிக்கும் திருச்செந்தூருக்கும் இடையில் போகிறது, அதைத் தாண்டினால் எம்ஜே98. திருச்செந்தூர், தூத்துக்குடி இரண்டும் அதில். வடக்கே 9 பாகைக் கோடு தென்காசிக்கும் கடையநல்லூருக்கும் நடுவில். தென்காசி 88, கடையநல்லூர், சங்கரன்கோவில், கோவில்பட்டி எல்லாம் எம்ஜே89. சாத்தான்குளத்துக்கும் திருச்செந்தூருக்கும் நடுவில் உள்ள செம்மண் தேரியில் நின்றால் எந்தக் கட்டம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஜிபிஎஸ் பார்த்து ஆறு எழுத்துக் கட்டமாகக் குறித்துக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டைக்கு அது எம்ஜே88யுஆர்.

கட்டம் சரியாக இருந்தும் வரைபடம் தலைகீழாக வந்தால், உங்கள் கட்டமும் எதிர்முனைக் கட்டமும் புலம் மாறி விழுந்திருக்கின்றன. ஸ்ப்ரெட்ஷீட்டிலிருந்து மாற்றும்போது இது நடக்கும்.

அறிகுறி: கோப்பை ஏற்கவே மறுக்கிறது, அல்லது பாதியில் நிறுத்திவிடுகிறது

முதலில் கோப்பின் பெயரைப் பாருங்கள். போனிலிருந்து அனுப்பும்போது ஏடிஐ என்று முடிய வேண்டிய பெயருக்குப் பின்னால் இன்னொரு புள்ளியும் டிஎக்ஸ்டியும் ஒட்டிக்கொண்டு வரும். அதை எடுத்தாலே சில நேரம் முடிந்தது.

பெயர் சரி என்றால் உள்ளே. ஏடிஐ என்று முடியும் இந்தக் கோப்பை (லாக் பரிமாறும் ஏடிஃப் வடிவம்) நோட்பேட் மாதிரி எதிலாவது திறந்தால் ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் கோண அடைப்புக்குள் புலத்தின் பெயரும், ஒரு முக்காற்புள்ளியும், ஒரு எண்ணும் இருக்கும். அந்த எண், பின்னால் வரும் தகவலில் எத்தனை எழுத்து என்ற கணக்கு. நீங்கள் ஆறு எழுத்துக் கால்சைனை ஐந்து எழுத்தாகக் கையால் திருத்திவிட்டு எண்ணை மாற்றாமல் விட்டால், படிக்கும் மென்பொருள் ஆறாவது எழுத்துக்காக அடுத்ததையும் விழுங்கப் பார்க்கும். அங்கேயிருந்து குழப்பம். கையால் திருத்தினால் எண்ணையும் திருத்துங்கள், அதைவிட லாக் மென்பொருளுக்குள் திருத்திப் புதிதாக ஏற்றுமதி செய்வது மேல்.

இதே எண்தான் தமிழர்களுக்கு இன்னொரு குழி. குறிப்பு, பெயர் போன்ற புலங்களில் ஆசையாகத் தமிழில் எழுதுவோம். "முத்து" என்று எழுதினால் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது 6 குறியீடு. கோப்பில் சேமிக்கும்போது 18 பைட். ஒரு ஆப் 6 என்று எண்ணி எழுதும், இன்னொன்று 18 என்று எதிர்பார்த்துப் படிக்கும், நடுவில் கோப்பு உடையும். உண்மையில் ஏடிஐ வகைக் கோப்புக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் ஆங்கிலக் குறிகளும் மட்டும்தான் அனுமதி, தமிழைச் சேர்த்தது நம் தவறு. அப்படி உடைந்த கோப்பு கையில் இருந்தால், அந்தப் புலங்களைக் காலி செய்துவிட்டு மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள், தமிழ்க் குறிப்பு காகித நோட்டில் இருக்கட்டும். எனக்கு இதில் வருத்தம்தான், ஆனால் விதி அப்படி.

அறிகுறி: காலைத் தொடர்புகளின் நேரம் இரண்டு, மூன்று இலக்கமாகக் குறுகிவிட்டது

ஸ்ப்ரெட்ஷீட்டில் திறந்தீர்கள். 0030 என்பதை அது முப்பது என்று எண்ணி முன்னால் உள்ள பூஜ்யங்களைத் தின்றுவிடும். யுடிசி 0000 முதல் 0959 வரை, நம் கணக்கில் காலை ஐந்தரை முதல் மதியம் மூன்றரைக்கு ஒரு நிமிடம் குறைவு வரை, பகலில் பேசியது எல்லாம் இதில் மாட்டும். திறப்பதற்கு முன்பே அந்தப் பத்தியை எண்ணாக இல்லாமல் எழுத்தாக இறக்குமதி செய்யுங்கள். ஏற்கெனவே போய்விட்டதென்றால் நான்கு இலக்கமாக வரும்வரை முன்னால் பூஜ்யம் சேர்த்தால் போதும், தகவல் எதுவும் தொலையவில்லை. தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கிறதா என்பதையும் அதோடு பாருங்கள். பன்னிரண்டாம் தேதிக்குள் போன பயணங்களில்தான் இது கண்ணில் படாமல் தப்பும்.

அறிகுறி: எல்லாமே நிராகரிப்பு, ஒன்றுகூடப் போகவில்லை

கால்சைனுக்குப் பின்னால், வெளியிடத்தில் இருக்கிறோம் என்பதற்கான சாய்கோடும் பாப்பா பி-யும் போட்டு இயக்கினீர்களா? லாக்புக் ஆஃப் த வேர்ல்டில் வீட்டுக் கால்சைனும் சாய்கோடு போட்ட கால்சைனும் இரண்டு தனித்தனி ஆட்கள் மாதிரி, இரண்டுக்கும் தனிச் சான்றிதழ் வேண்டும். வாங்குங்கள். காற்றில் சொன்னது எதுவோ அதே பெயரில்தான் ஏற்ற வேண்டும்.

குரல் தொடர்பு மட்டும் நிராகரிப்பு என்றால் எந்த முறையில் பேசினோம் என்று சொல்லும் மோட் புலத்தைப் பாருங்கள், அங்கே எஸ்எஸ்பி என்று இருக்க வேண்டும். யுஎஸ்பி, எல்எஸ்பி எல்லாம் அதன் துணை மோட் (இந்த யுஎஸ்பி கணினிக் கம்பி இல்லை). எஃப்டி8 தனி மோட், ஆனால் எஃப்டி4, எம்எஃப்எஸ்கே என்ற வேறொரு மோடின் துணை மோட், ஏன் அப்படி என்று கேட்காதீர்கள்.

அறிகுறி: எஃப்டி8-ல் திரையில் கோடு கோடாகத் தெரிகிறது, ஒன்றும் எழுத்தாக மாறவில்லை

லேப்டாப் கடிகாரம். எஃப்டி8 பதினைந்து வினாடிக் கட்டத்தில் ஓடுகிறது, அதில் 12.64 வினாடி சத்தம். கடிகாரம் ஓரிரு வினாடி நகர்ந்தாலே சிக்கல். வீட்டில் இணையம் தானாகச் சரிசெய்துகொண்டிருந்தது, மலையடிவாரத்தில் டவர் இல்லை. ஒன்றிரண்டாவது எழுத்தாக மாறினால் நேர வித்தியாசத்தை வினாடியில் காட்டும் டிடி என்ற பத்தியைப் பாருங்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி +1.4, +1.5 என்று இருந்தால் அத்தனை பேரும் தாமதமில்லை, உங்கள் கடிகாரம் முந்தி ஓடுகிறது, அந்த அளவு பின்னால் தள்ளுங்கள். ஒன்றுமே மாறவில்லை என்றால் போனில் ஜிபிஎஸ் நேரம் காட்டும் ஆப் ஒன்றை முன்பே போட்டு வைத்திருந்து, அதைப் பார்த்து வையுங்கள். போனும் செத்துவிட்டால் ரேடியோவிலேயே 10 மெகாஹெர்ட்ஸில் சீனாவின் நேர நிலையம் பிபிஎம்மைத் தேடலாம், கேட்கிற நாளில் கடிகாரம் டிக் டிக்கென்று வரும்.

அறிகுறி: அனுப்பும் பட்டனை அழுத்தியதும் மவுஸ் உறைகிறது, லாக் மென்பொருள் ரேடியோவைத் தொலைத்துவிடுகிறது

நீங்கள் அனுப்பும் அலையே கம்பி வழியாகத் திரும்பி லேப்டாப்புக்குள் வருகிறது. ஒரு முனையில் ஊட்டும் நீளக் கம்பி ஆன்டெனாவில் இது சகஜம். அதைத் தடுக்கக் கணினியின் யுஎஸ்பி கம்பியின் இரண்டு முனையிலும் ஃபெரைட் கிளிப், ஆன்டெனா அடியில் சோக் என்னும் ஒரு தடுப்புச் சுருள், மேசையை ஆன்டெனாவிலிருந்து தள்ளிப் போடுவது. ஒன்றும் கையில் இல்லையென்றால் பவரைப் பாதியாகக் குறையுங்கள், பல நேரம் அதுவே போதும். உறைந்த நொடியில் நடந்த தொடர்பு பதிவாகியிருக்காது, அந்த ஒன்றை உடனே காகிதத்தில் எழுதிவிடுங்கள்.

அறிகுறி: போன் சூடாகி அணைந்தது, அல்லது சாரல் துளி பட்டுத் தானாகவே பட்டனை அழுத்தியது

வெயிலில் போனைச் சார்ஜரோடு வைக்காதீர்கள், அது இரட்டைச் சூடு. தேரியில் கீழிருந்தும் மணல் அனல் அடிக்கும். சாரல் நாளில் தொடுதிரை நம் விரலையும் தண்ணீரையும் பிரித்தறியாது, எனக்கு ஒரே கால்சைன் நான்கு தடவை பதிவாகியிருந்தது. அதை வீட்டில் அழிக்கும்போது நேரத்தில் முதலில் வந்ததை வையுங்கள். இரண்டு நாளுக்கும் பென்சிலும் பரீட்சை அட்டையும்தான் மருந்து. ஜெல் பேனா ஈரத்தில் கரைந்து ஓடும், பென்சில் ஓடாது.

அறிகுறி: காகிதமே காணோம்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், பக்கம் எந்த மூலைக்கு. அட்டையின் மேல் கிளிப் போதாது, கீழேயும் ஒரு ரப்பர் பேண்ட் வேண்டும். பத்துத் தொடர்புக்கு ஒருமுறை பக்கத்தைப் போனில் படம் எடுங்கள், படத்தில் நேரமும் தானாகப் பதிந்துகொள்ளும், அது கடிகாரக் கோளாறைப் பிடிக்கவும் பின்னால் உதவும்.

அறிகுறி: யாரோ உறுதிப்பாடு கேட்டு எழுதுகிறார், உங்கள் லாக்கில் அவர் இல்லை

அவர் உங்களைத் தப்பாகக் கேட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் எழுத மறந்திருக்கவும் வாய்ப்பு உண்டு, அன்றைக்கு யாராவது வந்து பேச்சுக் கொடுத்தார்களா என்று நினைத்துப் பாருங்கள். பனைமரத்தில் கயிற்றைப் போட்டுக் கம்பியை ஏற்றி வைத்துக்கொண்டு, காதில் ஹெட்போனோடு ஒருவன் உட்கார்ந்திருந்தால் நம் ஊரில் யார்தான் சும்மா போவார்கள்? ஆடு மேய்க்கிறவர் ஒருவர், "என்ன அண்ணாச்சி, கரண்டு கம்பி இழுக்கியளா?" என்று நின்றார். இல்லை அண்ணாச்சி, இந்தோனேசியாக்காரரிடம் பேசுகிறேன் என்றதும் நம்பவில்லை. ஹெட்போனை எடுத்து அவர் காதில் வைத்தேன், அப்புறம் அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம். அதற்குள் இரண்டு தொடர்பு எழுதாமல் விட்டுப்போனது எனக்கே தெரியாது, மூன்று வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தபோதுதான் தெரிந்தது.

இதற்கு ஒரே வழி, போன் இருக்கிறதோ இல்லையோ, ஒரு சின்ன ரெக்கார்டரை முழு நேரமும் ஓடவிடுவது. ஓடவிட்டதும் முதல் வேலையாக யுடிசி நேரத்தை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், பிறகு எந்த இடத்தில் எது கேட்டாலும் நிமிடம் கணக்கிட்டுவிடலாம். நான் அந்த ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டேன். ஆட்டு மணி சத்தத்துக்கு நடுவில் அந்த இந்தோனேசியக் கால்சைன் முழுசாக இருந்தது, நானும் சிக்னல் ரிப்போர்ட் கொடுத்திருக்கிறேன், அவரும் கொடுத்திருக்கிறார். லாக்கில் சேர்த்தேன், காகிதத்தில் ஓரமாகச் சிவப்பு மையில் "ஒலிப்பதிவிலிருந்து" என்று எழுதி அன்றைய தேதியும் போட்டேன். இரண்டாவது ஆளின் கால்சைன் வருகிற இடத்தில் ஆடு மேய்க்கிற அண்ணாச்சி "இதுக்கு மாசம் எவ்வளவு கட்டணும்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், கடைசி இரண்டு எழுத்து கேட்கவில்லை. அந்த வரி நோட்டில் இன்னும் கேள்விக்குறியோடு கிடக்கிறது.